“ஊதுங்க சார்”: குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகச் சந்தேகம் வந்தால் போலீஸ் எப்படிச் சோதிக்கிறது?

அரசு மருத்துவமனை ஒன்றின் கேஷுவாலிட்டியில் பல வருடம் இரவு டூட்டி பார்த்தவன் நான். போலீஸ் மெமோவோடு, அதாவது பரிசோதிக்கச் சொல்லும் கடிதத்தோடு, அழைத்து வரப்பட்ட எத்தனையோ டிரைவர்களைப் பரிசோதித்துச் சான்று எழுதியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் நின்றபாடில்லை. சொந்தக்காரர்கள் போன் செய்வார்கள், அதுவும் பெரும்பாலும் இரவு 11 மணிக்கு மேல்தான். அப்படிக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதியிருக்கிறேன். சட்டம் 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம், இந்தியா முழுக்க ஒன்றுதான்.

எவ்வளவு வரைக்கும் குடித்திருந்தால் கேஸ் இல்லை?

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அதைத் தாண்டினால் 185-வது பிரிவின்படி குற்றம். 1988-ல் சட்டம் வந்தபோது, ரத்தத்தில் ஆல்கஹால் துளி இருந்தாலும் குற்றம் என்றுதான் இருந்தது. 1994-ல் திருத்தி இந்த 30-ஐக் கொண்டுவந்தார்கள்.

மெமோவோடு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் என்னிடம் சொல்வது ஒரே வசனம்தான்: “டாக்டர், பாருங்க, நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்.” இருக்கலாம். தினமும் குடித்துப் பழகியவர் 100-ஐத் தாண்டியும் தள்ளாடாமல் நிற்பார், தன் வண்டி நம்பரை மடமடவென்று சொல்வார். ஆனால் மது விஷயத்தில் சட்டம் ஸ்டெடியா இல்லையா என்று கேட்பதே இல்லை. எண் என்ன என்று மட்டும்தான் கேட்கிறது. இதைப் புரிந்துகொண்டால் ரோட்டில் நடக்கிற பாதி வாக்குவாதம் தேவையில்லை.

30 என்றால் எத்தனை கட்டிங்?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இங்கே விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் பொதுவாக 42.8 சதவீதம். 30 மில்லி ஸ்மால் ஒன்றில் ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால் இருக்கும். 65 கிலோ எடையுள்ள ஆண் அதை வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் குடித்தால் ரத்தத்தில் 23 மில்லிகிராம் வரை ஏறலாம். கட்டிங், அதாவது 90 மில்லி, அடித்தால் 70-ஐ ஒட்டி வரும். முழு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, என்றால் 135-க்குப் பக்கம். 7 சதவீத ஸ்ட்ராங் பீர் ஒரு பெரிய பாட்டில், 650 மில்லி, 80-ஐத் தொடும். “பீர்தானே” என்கிறவர்கள் அந்தக் கடைசி எண்ணை இன்னொரு தரம் படிக்கவும்.

இது தோராயம்தான். சாப்பிட்டிருந்தால் குறையும், எடை குறைந்தவருக்குக் கூடும். உடலில் நீர்ச்சத்தின் பங்கு பெண்களுக்குக் குறைவு என்பதால் அதே எடையுள்ள பெண்ணுக்கு இன்னும் கூடும். ஒரு ஸ்மாலோடு நிறுத்திக்கொண்டு 30-க்குள் இருந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. ஊற்றுகிறவர் அளந்தா ஊற்றுகிறார்?

போலீஸ் யாரை வேண்டுமானாலும் ஊதச் சொல்லலாமா?

203-வது பிரிவு இரண்டு நிபந்தனை வைக்கிறது. சோதிக்கிறவர் சீருடையில் இருக்கிற போலீஸ் அதிகாரியாக இருக்க வேண்டும் (அதிகாரம் பெற்ற மோட்டார் வாகனத் துறை அலுவலரும் சோதிக்கலாம்). அப்புறம், நீங்கள் குடித்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்பட நியாயமான காரணம் வேண்டும். வாசனை, சிவந்த கண், வண்டி வளைந்து வந்த விதம் என எதுவும் அந்தக் காரணமாகலாம். வார இறுதி வாகனச் சோதனையில் முதலில் முகத்துக்கு நேரே ஏதாவது பேசச் சொல்வார்கள், அல்லது கருவியைக் குழாய் இல்லாமல் வாய்க்கு அருகே நீட்டுவார்கள். மது இருக்கிறது என்று அது காட்டினால்தான் குழாய் மாட்டி முறையாக ஊதச் சொல்வார்கள்.

ஓட்டுகிறவர் மட்டுமில்லை, ஓட்ட முயல்கிறவரும் இதில் அடக்கம். சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தவர், “இன்னும் நகரவே இல்லையே” என்று தப்பிக்க முடியாது.

ஊதுகிற காற்றிலிருந்து ரத்தத்தின் அளவு எப்படித் தெரிகிறது?

நுரையீரலில் ரத்தமும் காற்றும் மெல்லிய சவ்வு ஒன்றின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலில் ஒரு சிறு பங்கு அதைத் தாண்டிக் காற்றுக்கு வருகிறது. அந்தப் பங்கு ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருக்கும்: 2,100 மில்லி மூச்சுக் காற்றில் உள்ள ஆல்கஹால், 1 மில்லி ரத்தத்தில் உள்ளதற்குச் சமம். கருவிக்குள் பிளாட்டினம் பூசிய சின்ன மின்கலம் இருக்கிறது. ஆல்கஹால் அதில் பட்டதும் வேதிமாற்றம் அடைந்து அசிட்டிக் அமிலமாகிறது. வினிகரில் இருக்கிற அதே அமிலம்தான். அப்போது கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். மின்சாரம் கூடினால் ஆல்கஹாலும் கூடுதல். அதை 2,100-ஆல் பெருக்கி, ரத்த அளவாக மாற்றித் திரையில் காட்டுகிறது.

2,100 என்பது சராசரி. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், காய்ச்சல் இருந்தாலும் மாறும். 32, 34 என்று எல்லைக்கோட்டில் வரும் எண்ணை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். 110 வந்தால் அந்தச் சந்தேகத்துக்கெல்லாம் இடமில்லை.

வெங்காயம், மின்ட், வெற்றிலை போட்டால் தப்பிக்கலாமா?

கருவி வாசனையை மோப்பம் பிடிப்பதில்லை, ஆல்கஹாலை அளக்கிறது. வெங்காயம் அதன் வாசனையோடு போய்விடும், எண் அப்படியே இருக்கும். லேசாக ஊதி ஏமாற்றவும் முடியாது. அடி நுரையீரல் காற்று வரும்வரை சில வினாடிகள் தொடர்ந்து ஊதாவிட்டால் கருவி அளவு காட்டாது, மறுபடி ஊதச் சொல்வார்கள். ஓரிருவர் ஊதுவதற்குப் பதில் குழாயை உறிஞ்சிப் பார்த்ததையும் போலீஸ்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள்.

குடிக்காதவருக்கும் காட்டுமா?

காட்டும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், ஹோமியோபதிச் சொட்டு, சில இருமல் மருந்துகள், அப்புறம் நம் ஊர் அரிஷ்டங்கள் இதற்குக் காரணமாகலாம். தசமூலாரிஷ்டம் போன்றவற்றில் நொதித்தலால் இயல்பாகவே ஆல்கஹால் உண்டாகியிருக்கும். 30 மில்லி அரிஷ்டம் ரத்த அளவைப் பெரிதாக ஏற்றாது. ஆனால் குடித்த கையோடு ஊதினால் வாயில் ஒட்டியிருக்கிற ஆல்கஹாலே பெரிய எண்ணைக் காட்டிவிடும். 2025-ல் கேரளத்தின் பந்தளம் பஸ் டிப்போவில், டூட்டிக்கு முன் ஊதிய டிரைவர்களுக்குக் கருவி மது காட்ட, கடைசியில் காரணம் நன்றாகப் பழுத்த பலாச்சுளை என்று தெரியவந்தது.

இதற்கு மருந்து சுலபம். வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு 15 நிமிடம் எதுவும் வாயில் போடாமல் இருந்து மறுபடி ஊத வேண்டும். வாயில் இருந்தது மட்டும் என்றால் எண் சரிந்து பூஜ்யத்துக்குப் போய்விடும். ரத்தத்தில் இருந்தால் 15 நிமிடத்தில் பெரிதாக மாறாது. அதனால் அரிஷ்டம் சாப்பிட்டவர் சண்டை போடாமல், “சார், இந்த மருந்து சாப்பிட்டேன், கால் மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை ஊதறேன்” என்று சொல்வதே புத்திசாலித்தனம்.

வெளிநாட்டில் கோட்டின் மேல் நடக்கச் சொல்கிறார்களே, இங்கே?

அமெரிக்காவில் ரோட்டிலேயே மூன்று சோதனை வைப்பார்கள்: அசையும் விரலைக் கண்ணால் தொடர்வது, நேர்கோட்டில் ஒன்பது அடி எடுத்து வைத்து நடந்து திரும்புவது, ஒற்றைக் காலில் நிற்பது. நம் சட்டத்தில் போலீசுக்கு அப்படியொரு சோதனை சொல்லப்படவில்லை. அந்த மாதிரி வேலை எங்களிடம், மருத்துவமனைக்கு, வருகிறது.

போலீஸ் மெமோவோடு அழைத்து வந்தால் டூட்டி டாக்டர் வாசனை, கண் பாப்பா, பேச்சு, நாடி, நடை எல்லாம் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொடச் சொல்வார், கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்வார். பிறகு சான்று எழுதுவார். “மது அருந்தியிருக்கிறார், ஆனால் போதையின் பிடியில் இல்லை” என்ற புகழ்பெற்ற வரி அதில்தான் வரும். உண்மையைச் சொன்னால் 185-வது பிரிவுக்கு இந்த வரியால் பெரிய பயன் இல்லை, அங்கே எண் வேண்டும். வாசனை, தள்ளாட்டம், குழறும் பேச்சு, விரிந்த கண் பாப்பா இவற்றை மட்டும் வைத்து ஒருவர் குடிபோதையில் இருந்தார் என்று முடிவு கட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே மகாராஷ்டிர வழக்கொன்றில் சொல்லிவிட்டது.

அப்படிச் சொன்னது எவ்வளவு சரி என்பது எனக்கு ஒரு ராத்திரி புரிந்தது. பைக்கோடு சாய்ந்து கிடந்தவரை, “செம போதை சார்” என்று கொண்டு வந்தார்கள். குழறல், தள்ளாட்டம், யாரைப் பார்த்தாலும் திட்டு. சட்டையில் மது வாசனையும் இருந்தது, யார் சிந்தியதோ. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் 38. குளுக்கோஸ் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, “நான் எங்கே சார் இருக்கேன்?” என்றார். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறார். அன்றிலிருந்து, போதை என்று வருகிற யாருக்கும் முதலில் சர்க்கரை, அடுத்து தலையில் அடி இருக்கிறதா என்று பார்ப்பேன், மெமோவை அதற்கப்புறம்தான் கையில் எடுப்பேன். தலைக்குள் ரத்தக்கசிவும் பக்கவாதமும்கூட அசல் குடிகாரர் வேஷம் போடும்.

ஊத மறுத்தால்?

சந்தேகம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஸ்டேஷனில் இன்னொரு முறை ஊத வாய்ப்புத் தர வேண்டும். அங்கேயும் மறுத்தால் ரத்தம் எடுக்கச் சொல்லலாம். எல்லாவற்றையும் மறுத்துவிட்டால்? 205-வது பிரிவு அங்கே காத்திருக்கிறது: தகுந்த காரணமில்லாத மறுப்பையே உங்களுக்கு எதிரான சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்துமா மாதிரி உண்மையான காரணம் இருந்தால் அதை அப்போதே சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கோர்ட்டில் முதன்முதலாகச் சொன்னால் எடுபடாது.

ரத்தம் எப்போது, எப்படி எடுப்பார்கள்?

பதிவு பெற்ற மருத்துவர் முன்னிலையில்தான், போலீஸ் தானாக எடுக்க முடியாது. 185-வது பிரிவில் கைது செய்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்கிறது 202-வது பிரிவு. பலருக்குத் தெரியாத பிரிவு இது. பெண்ணிடம் ஆண் மருத்துவர் ரத்தம் எடுத்தால் பக்கத்தில் இன்னொரு பெண் இருக்க வேண்டும்.

ஊசி போடும் இடத்தை வழக்கம்போல ஸ்பிரிட்டில் துடைக்கக் கூடாது. ஸ்பிரிட்டே ஆல்கஹால்தானே! புதிதாக வந்த நர்ஸ் கைப்பழக்கத்தில் ஸ்பிரிட் பஞ்சை எடுக்க, நான் கத்தித் தடுத்த நாட்கள் உண்டு. ரத்தத்தைச் சோடியம் ஃபுளோரைடு கலந்த குப்பியில் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமிகள் குப்பிக்குள்ளேயே ஆல்கஹாலைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். பிறகு முத்திரை வைத்து, யார் எடுத்தார், எத்தனை மணிக்கு, யார் கையில் கொடுத்தார் என்று எழுதித் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே வாயுப் பிரிகைக் கருவியில் ஆல்கஹாலைத் தனியே பிரித்து அளப்பார்கள். அந்த எண்ணை யாரும் லேசில் அசைக்க முடியாது. அசைப்பவர்கள் வேறு இடத்தில் கை வைப்பார்கள்: குப்பி யார் கையில் எவ்வளவு நேரம் இருந்தது என்ற கேள்வியில்.

நேற்று ராத்திரி குடித்தது காலையில் காட்டுமா?

தாராளமாகக் காட்டும். கல்லீரல் ரத்த அளவை ஒரு மணி நேரத்துக்கு 15 மில்லிகிராம் போலத்தான் குறைக்கும். குளித்தாலும், மோர் குடித்தாலும், கருப்புக் காப்பி போட்டாலும் அது அவசரப்படாது. நள்ளிரவில் 135-ல் இருந்தவர் 30-க்கு இறங்க ஏழு மணி நேரம், அதாவது காலை ஏழாகும். ஆஃப் பாட்டில் முடித்தவர் காலை ஆறு மணிக்கு, தூங்கி எழுந்து, தெளிவாக இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு 150-க்கு மேல் இருப்பார். கல்யாண வீட்டிலிருந்து விடியற்காலை வேன் ஓட்டி வருகிறவர்கள் மாட்டுவது இப்படித்தான்.

டெல்லியில் 1999-ல் ஒரு விடியற்காலையில் நடந்த பி.எம்.டபிள்யூ. கார் விபத்து வழக்கில், விபத்து முடிந்து வெகு நேரம் கழித்து எடுத்த ரத்தத்திலேயே 115 மில்லிகிராம் இருந்தது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அந்த எண்ணைக் கணக்கில் எடுத்துக்கொண்டது.

கஞ்சா, தூக்க மாத்திரை எல்லாம் இந்தக் கருவியில் தெரியுமா?

தெரியாது. அதற்கு 30 மாதிரி எல்லையும் கிடையாது. போதைப்பொருளின் பாதிப்பால் வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும். இங்கேதான் டாக்டரின் பரிசோதனைக்கு உண்மையான வேலை: நடை, பேச்சு, கண், பிறகு ரத்தம், சிறுநீர். சிறுநீரில் கஞ்சா பல நாள் தங்கும் என்பதால், இருந்தது என்பதும் ஓட்டும்போது பாதித்தது என்பதும் வேறு வேறு. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை என்பதாலேயே தப்பிக்க முடியாது. “தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள்” என்று அட்டையில் போட்டிருப்பதைப் படிக்க வேண்டியது நாம்தான்.

விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தால்?

அங்கேயும் சோதிக்கலாம். ஆனால் சிகிச்சை தரும் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பாதகம் என்று அவர் தடுத்தால் ஊதச் சொல்லக் கூடாது. உள்நோயாளியாக இருக்கும்போது 203-வது பிரிவில் கைதும் இல்லை. ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் டாக்டர் எழுதும் “மது வாசனை உள்ளது” என்ற வரி, அந்த ரிஜிஸ்டரின் நகலான ஏ.ஆர். காப்பியாகப் பின்னால் கோர்ட் வரைக்கும் நடக்கும்.

அபராதத்தை அங்கேயே கட்டிவிட்டுப் போகலாமா?

முடியாது. ஹெல்மெட் போடாததற்கு ஸ்பாட் ஃபைன் உண்டு, இதற்கு இல்லை. 185 கோர்ட்டுக்குப் போயே ஆக வேண்டிய குற்றம். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000, இரண்டு வருடம் வரை. லைசென்ஸ் தற்காலிகமாக ரத்தாவது தனி. “இங்கேயே ஏதாவது பார்த்து முடிச்சுக்கலாம்” என்று யாராவது சொன்னால் அந்தப் பணத்துக்கு ரசீது வராது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். குடித்தவரை ஓட்டத் தூண்டிய, உடந்தையாக இருந்த ஆள் மீதும் 188-வது பிரிவில் வழக்கு வரலாம். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த நண்பருக்கும் சேர்த்து அபராதம் வந்த கதை இதனால்தான்.

கருவி தப்பாகக் காட்டியது என்று நினைத்தால்?

குழாய் புதியதா, உறை உங்கள் எதிரில் பிரிக்கப்பட்டதா என்று பாருங்கள். ஊதுவதற்கு முன் திரையில் பூஜ்யம் இருக்க வேண்டும். பிறகு அச்சாகி வரும் சீட்டில் தேதி, நேரம், அளவு, கருவி எண் சரியா பாருங்கள், ஒரு நகலோ போட்டோவோ எடுத்துக்கொள்ளுங்கள். வேறு கருவியில் மறுபடி ஊதக் கேளுங்கள். அதுவும் ஒத்துவரவில்லை என்றால், “ரத்தம் எடுங்க” என்று நீங்களே கேளுங்கள், அதுவும் சீக்கிரமாக. நான்கு மணி நேரம் கழித்துத் தனியார் லேபில் எடுத்த ரிப்போர்ட்டைக் காட்டுகிறவரைப் பார்த்து மாஜிஸ்டிரேட் என்ன நினைப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

உங்கள் வண்டி சேதத்துக்குக் கிடைப்பது கஷ்டம். ஊதவும் இல்லை, ரத்தமும் எடுக்கவில்லை, அதனால் நிரூபணம் இல்லை என்ற வாதத்தையும் 2021-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. டெல்லியில் போர்ஷே கார் மோதிய வழக்கு அது. மற்ற சான்றுகளை வைத்தும் போதையில் ஓட்டினார் என்று இன்சூரன்ஸ் நிறுவனம் காட்டலாம் என்று தீர்ப்பானது.

சிங்கப்பூரில் இவ்வளவு கெடுபிடி இல்லையே என்கிறான் மச்சான்?

எண்ணில் மட்டும்தான் தளர்வு. அங்கே எல்லை ரத்தத்தில் 80 மில்லிகிராம், இலங்கையிலும் 80. மாட்டினால் விழும் அடி சிங்கப்பூரில் நம் ஊரைவிடப் பல மடங்கு. லீவில் வந்து இங்கே வண்டி எடுக்கிற மச்சானுக்கு இங்கே 30தான்.

வண்டியை என்ன செய்வார்கள்? குடிக்காத நண்பர் ஓட்டிப் போகலாமா?

பெரும்பாலும் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போய், அபராதம் கட்டிய பிறகு தருகிறார்கள். குடித்து ஓட்டியதற்காக மட்டும் வண்டியைப் பறிமுதல் செய்ய போலீசுக்கு அதிகாரம் இல்லை, குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஆள் கூட இருந்தால் அவரிடம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உறவினரை வரவழைக்க வேண்டும் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பு அந்த மாநிலத்தைத்தான் கட்டுப்படுத்தும். ஆனாலும் நண்பரைக் காட்டிப் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். நண்பரையும் ஊதச் சொல்வார்கள்.